சிறுதுளையில் முடியும் என்றிருந்தேன்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு ஐரின் எழுதுவது. மாத்திரை தவறாமல் போடுகிறீர்களா? பேத்தி லவினா டீச்சரானதையும், பேரன் கில்பர்ட் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்ததையும் இங்கே பிரேசர் டவுனில் நான் சமைக்கிற வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

என் முதுகைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சிறுதுளை போட்டு ஆபரேஷன் செய்தால் சீக்கிரம் எழுந்து, லவினா குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்துவிடலாம் என்றிருந்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், "எலும்பு ரெண்டு இடத்துல நழுவியிருக்கும்மா. உங்களுக்குத் துளை சரிவராது, திறந்துதான் செய்யணும். ரெண்டு மாசம் படுக்கையிலதான் இருக்கணும்" என்றார்.

"துளையிலயே செய்யுங்க சாமி, உங்க காலைப் பிடிக்கிறேன்" என்று அழுதேன். அவர் மசியவில்லை. இடது காலில் செருப்பு கழன்றால்கூட இப்போது எனக்குத் தெரிவதில்லை. அதனால் திறந்தே செய்யச் சரி என்றுவிட்டேன்.

பயமாக இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். குழந்தை தலையில் தண்ணீர் ஊற்றும்போது புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். திரும்பாமல் படுத்தபடியே பார்க்கிற மாதிரி பெரிதாக இருக்கட்டும்.