சிகாமட்டுக்கு இரும்பில்லாத ஓர் அறை

4 மார்ச், செவ்வாய். மூவார்

காலையிலிருந்து மழை. மரச்சாமான் பட்டறையில் வார்னிஷ் காயவில்லை.

ஸ்கூடாய் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர், காயத்ரி (இனி கா.), வந்தாள். சின்னப் பெண். சிகாமட் தோட்டத்தில் பூமியின் காந்தத்தை அளக்கும் கருவி வைக்க மர அறை வேண்டுமாம். துளி இரும்பு கூடாது. இரண்டு கடையில் முடியாது என்றார்களாம். நான் சரி என்றேன்.

எதற்கு என்று கேட்டேன். உலகம் முழுதுக்கும் ஒரு காந்தக் கணக்கு ஏற்கெனவே உண்டு. ஊருக்கு ஊர் வரும் ஏற்ற இறக்கம் அதில் தெரியாது. ஜொகூரில் பல இடத்தில் அளந்து, இந்த வட்டாரத்துக்கென்று தனியாகச் சமன்பாடு எழுதுகிறாள். புரிந்தது. உலகக் கணக்கு மொத்த வியாபாரி சொல்லும் விலை. சிகாமட் விலையைச் சிகாமட் போய்த்தான் கேட்க வேண்டும்.

வாங்க: பித்தளைத் திருகு, பித்தளைக் கீல், மர ஆணி, நல்ல பசை.

13 மார்ச், வியாழன்

அறை நிறுத்தியாகிவிட்டது. தோட்டத்துப் பழைய இடுகாட்டுக்குப் பக்கம். திருகு ஒவ்வொன்றையும் நானே காந்தம் வைத்துப் பார்த்தேன். தச்சன் ராஜுவுக்குச் சிரிப்பு. "அக்கா, என் பல்லையும் பாத்துருங்க லா, கம்பி கட்டிருக்கேன்."

2 ஏப்ரல், புதன்

நல்ல வெயில். கா. போன். சிகாமட் அளவு மட்டும் சுற்றியுள்ள எதோடும் ஒட்டவில்லை. சமன்பாடு வரைந்த படத்தில் அங்கே பெரிய மேடு.

"அறையில ஏதாச்சும்...?"

"என் அறையில ஒரு குண்டூசி கிடையாதும்மா."

"அப்போ மண்ணுக்கடியில இரும்புக் கல்லு இருக்கும் போல, ஆண்ட்டி. வெள்ளிக்கிழமை அப்படியே எழுதி அனுப்பிடுறேன்."

பெருமையாக இருந்தது, மதியம் வரை. சாப்பாட்டில் ராஜுவிடம் சொன்னேன். கையிலிருந்த மீன் தலையைக் கீழே வைத்தான்.

"வாசல் நிலைக்குக் கீழ லாடம் வச்சிருக்கேன்க்கா."

"எதுக்குடா?"

"நீங்கதானே சொல்வீங்க, வாசல்ல இரும்பு வைக்காம எதையும் ஒப்படைக்காதன்னு. அதுவும் இடுகாடு வேற."

சொல்வேன். என் மூன்று கடை வாசலிலும் இருக்கிறது. அவனைத் திட்ட வாய் வரவில்லை.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் இல்லாத மேடு அவள் கணக்கில், அவள் பெயரில் நிற்கும். கை கழுவிவிட்டு போன் செய்தேன். லாடத்தைச் சொன்னேன்.

"அலமாக், ஆண்ட்டி! லாடமா?"

சிரித்தாள். நல்லவேளை.

3 ஏப்ரல், வியாழன்

சிகாமட். மூவரும். காரை எட்ட நிறுத்தச் சொன்னாள் கா. லாடம் வெளியே. மடிக்கணினியில் மேடு முக்கால்வாசி இறங்கியது. மிச்சம் அசையவில்லை.

"சத்தியமா வேற ஒண்ணும் வைக்கலக்கா."

கா. இன்னொரு கருவியைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டு வெகுதூரம் போய் அளந்தாள். அங்கேயும் அதே மிச்சம். ஓடி வந்தாள்.

"இது உங்களோடது இல்ல ஆண்ட்டி. இது மண்ணோடது!" நாளைக்கு அதைத்தான் எழுதுவாள்.

இரும்பில்லாத வாசலை விட்டு வர ராஜுவுக்கு மனமில்லை. எலுமிச்சை வெட்டி வைக்கட்டுமா என்றான். வை என்றேன். கார்கிட்டேயே வெட்டி, கத்தியை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொன்னேன்.