வெற்றுத்தாளில் ஏழு கையெழுத்து

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாவிட்டால் என் ஞாபகம் வந்திருக்கும். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "மீட்டிங்ல இருக்கேன்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாதல்லவா, அதனால்தான் இது.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். இந்த வட்டாரம் முழுவதற்கும் கரண்ட் லைன் மாற்றும் வேலைக்கு நீ பொறுப்பு, பெருமைதான். மக்களைக் கலந்துதான் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது என்றாய், நல்லதுதான். ஆனால் அந்தக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டு முதல் கூட்டத்துக்கு நீயே வராமல் இருந்தாய் பார், அதை என்னவென்று சொல்ல? பள்ளிக்கூட ஹாலில் நாற்பது பேர் உன்னைத் தேடினார்கள். உன் ஆட்கள் இரண்டு பேர் சுவரில் கலர் கலராக மேப் காட்டினார்கள். யார் என்ன கேட்டாலும் "மேலே சொல்றோம்" என்றார்கள். மேலே என்றால் நீதானே? அதனால் நானே நேராகச் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

புது லைன் வேண்டாம் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கி, என் கடை ஜெராக்ஸ் மெஷின் பாதித் தாளை விழுங்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. எங்கள் கவலை, வேலைக்காக நீங்கள் கரண்டை நிறுத்தப்போகும் நாட்களைப் பற்றித்தான். எங்கள் லைன்மேன் எழுந்து, "நாலு மணி நேரம்னு நோட்டீஸ் போடுவாங்க, ஆறு ஏழுன்னு ஆயிடும், இப்பவே சொல்லிடுறேன்" என்றார். உன் ஆட்கள் அவரை முறைத்தார்கள்.

அப்புறம் எதிர் வீட்டுக் கம்பவுண்டர் பேசினார். உன் முழங்காலில் கண்ணாடி ஏறியபோது, நீ கத்தக்கூடாதென்று வாயில் மிட்டாயைத் திணித்துவிட்டுத் தையல் போட்டாரே, அவரேதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலமாகிவிட்டது. நுரையீரல் கெட்டுப்போய் இப்போது மூக்கில் குழாய். வீட்டில் கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷின். மாற்றுக்கு ஒரு சிலிண்டர் உண்டு, மூன்று மணி நேரம் தாங்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் வந்திருந்தார். "என் மூச்சு உங்க கம்பியில தொங்குதுப்பா. நிறுத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். இப்படி மெஷினை நம்பி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று பட்டியல் எடுப்பதற்கே அடுத்த கூட்டம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

நீ கேட்ட மூன்று தாள்களும் இத்துடன் இருக்கின்றன. மூன்று கூட்டத்துக்கு மூன்று தாள், "குறிப்பை நாங்க டைப் பண்ணிக்கிறோம், கீழ கையெழுத்து மட்டும் வாங்கி வைக்கா" என்றாய். குழுவில் ஏழு பேரிடமும் வாங்கிவிட்டேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "வெத்துத்தாள்ல கையெழுத்துப் போடாதீங்க" என்று பிரசங்கம் செய்கிறவள் நான்! கம்பவுண்டர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "மேல என்னம்மா வரும்?" என்று கேட்டார். "நம்ம தம்பி பாத்துப்பான்" என்றேன். போட்டுவிட்டார்.

அடுத்த கூட்டத்துக்கும் வராமல் இருந்து பார், உன்னை வாசலோடு திருப்பி அனுப்புகிறேன்.

கோபம் தீராத
உன் அக்கா


பிப்ரவரி 12

அன்பு அக்காவுக்கு,

கவர் கிடைத்தது. கையெழுத்தெல்லாம் கச்சிதம். நீ இல்லாவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான். ஏழாம் வகுப்பில் கணக்கில் பதினொரு மார்க் வாங்கியபோது, ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தை நீ போட்டாயே, அதை அப்பாவே பார்த்திருந்தாலும் தன்னுடையது என்றுதான் நினைத்திருப்பார். அன்றிலிருந்து என் வண்டி உன் பேனாவில்தான் ஓடுகிறது.

இங்கே தலைக்கு மேல் வேலை. மார்ச் முடிவதற்குள் முதல் கட்டம் முடியாவிட்டால் ஒதுக்கிய நிதி திரும்பிப் போய்விடும். அப்புறம் அந்தத் தொங்கிப்போன கம்பிகளோடு இன்னும் பத்து வருஷம் கிடக்க வேண்டியதுதான். அதனால் கோபித்துக்கொள்ளாதே. லைன் வந்ததும் முதல் ஸ்விட்சை நீதான் போட வேண்டும். போட்டோ எடுத்து ஆபீசில் மாட்டுகிறேன்.

அவசரத்தில்,
தம்பி


பிப்ரவரி 17

எஞ்சினியர் துரை அவர்களுக்கு,

நான் எழுதியது நான்கு பக்கம். உன் பதிலில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கம்பவுண்டர் தினமும் ஜன்னல் வழியாக "தம்பி என்னம்மா சொன்னான்?" என்று கேட்கிறார். எனக்கு அந்தப் பக்கம் தலைகாட்டவே கூச்சமாக இருக்கிறது. அடுத்த கூட்டம் எப்போது? தேதியை மட்டும் எழுது. போட்டோவெல்லாம் அப்புறம் எடுக்கலாம்.

அக்கா


மார்ச் 24

தம்பி,

பதினான்காம் தேதி காலை எட்டு மணிக்குக் கரண்ட் போனது. நோட்டீஸைச் சப்ஸ்டேஷன் கேட்டில் ஒட்டியிருந்தார்களாம். மூக்கில் குழாயோடு இருக்கிற மனிதர் தினம் எழுந்து வந்து உங்கள் கேட்டைப் படிக்க வேண்டுமா?

பதினொரு மணிக்குச் சிலிண்டர் தீர்ந்தது. அவர் மனைவி என் கடைக்கு ஓடி வந்தார். உனக்கு ஒன்பது முறை போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. புதுக் கம்பம் நடுவதற்கு உன் ஆட்கள் தெருமுனையில் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தால் அது சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. கரண்ட் வந்தது மூன்று மணிக்கு. லைன்மேன் சொன்ன அதே ஏழு மணி நேரம். பூட்டாமல் கிடந்த அவர்கள் வீட்டில் அந்த மெஷின் தானாக ஓட ஆரம்பித்து, ஆளில்லாத கட்டிலில் ஆக்ஸிஜனை ஊதிக்கொண்டிருந்தது. நான்தான் போய் அணைத்தேன்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். சாயங்காலம் போனில் "டெக்னிகல் டிலேக்கா, ரொம்ப வருத்தமா இருக்கு" என்றாய். நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன். என் தம்பி வேண்டுமென்று செய்வானா என்று தெருவில் நாலு பேரிடம் உனக்காகச் சண்டை கூடப் போட்டேன்.

நேற்று அவர் மனைவி கடைக்கு வந்தார். ஒரு தாளை நீட்டி, "மூணு காப்பி போடும்மா" என்றார். உங்கள் ஆபீசில் எழுதிக் கேட்டு வாங்கிய தாள். நான் படிக்காமல்தான் மெஷினில் கவிழ்த்து வைத்தேன். காப்பி வெளியே வந்தபோது என் கையெழுத்து என்னையே பார்த்தது.

மக்கள் குழுவின் இரண்டாவது கூட்டம் என்று தலைப்பு. நடக்காத கூட்டம்! அதற்குத் தேதி, நேரம், இடம், தலைமை நான். "மருத்துவக் கருவிகளுக்காக மின்சாரத்தை நம்பியிருக்கும் வீடுகள் இப்பகுதியில் எதுவும் இல்லை எனக் குழு ஒருமனதாக உறுதி செய்தது." கீழே ஏழு கையெழுத்து. அந்த அம்மா மூன்றாவது கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். கம்பவுண்டருடையது.

"நான் ஒருத்தன் இல்லவே இல்லைன்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரு பாரு" என்றார். அப்புறம், "நீதானேம்மா வந்து வாங்கிட்டுப் போன?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. என் கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

உனக்கு வெட்கமாக இல்லையா? என் வாயால் உன்னைச் சபிக்க வரவில்லை, அது என் கையாலாகாத்தனம். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல். நான் எழுதிய நான்கு பக்கத்தைப் படித்துவிட்டுமா அந்த வரியை டைப் அடிக்கச் சொன்னாய்?

அக்கா


மார்ச் 31

அன்பு அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உன் கேள்விக்குப் பதில்: படிக்கவில்லை. கையெழுத்துத் தாள்களை எடுத்துக்கொண்டு, கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை படிக்கலாம் என்று மேஜை டிராயரில் போட்டேன். அடுத்த கடிதத்தையும் அதன் மேலேயே போட்டேன். முந்தாநாள்தான் இரண்டையும் படித்தேன். அந்த வரி வேறொரு வட்டாரத்துக் குறிப்பிலிருந்து எடுத்தது. எல்லா ஊருக்கும் அதையேதான் போடுகிறோம். யாரும் படிப்பதில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை அக்கா. லைன் வர வேண்டும் என்ற ஒரே வெறிதான்.

ஏழாம் தேதி பள்ளிக்கூட ஹாலில் விசாரணை. உன்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கூட்டம் நடந்தது, உன் கடையிலேயே சுருக்கமாக நடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மற்ற ஐந்து பேரும் நீ சொல்வதைத்தான் சொல்வார்கள். இல்லாவிட்டால் என் வேலை போகும், அதோடு நிற்காது, வழக்கும் வரும். உன் மருமகள் இந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். வேலை நின்றால் நாற்பது ஊருக்குக் கரண்ட் தள்ளிப்போகும், அதையும் நினைத்துப் பார்.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கம்பவுண்டர் திரும்பி வரப்போவதில்லை. நான் இன்னும் இருக்கிறேன். அன்றைக்கு அப்பாவிடமிருந்து காப்பாற்றினாய். இன்னும் ஒரே ஒரு தடவை.

உன்னையே நம்பியிருக்கும்
தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

படித்துவிட்டுச் செய்திருந்தால் அயோக்கியன் என்று திட்டித் தீர்த்திருப்பேன். படிக்காமலே செய்தவனைத் திட்ட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. டிராயரில் போட்டாயாமே! ஒரு மனிதரின் மூச்சை உன் டிராயரில் போட்டு மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாயா?

போன வாரம் நானும் லைன்மேனும் நம் நான்கு தெருவிலும் வீடு வீடாக ஏறினோம். பதினேழு வீடுகள். மூச்சு மெஷின் மூன்று வீட்டில். ஃப்ரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவர்கள் பதின்மூன்று வீடு. படுக்கையில் கிடக்கும் ஒருவருக்குக் காற்று மெத்தை, கரண்ட் போனால் மெத்தை இறங்கிவிடும், முதுகு புண்ணாகிவிடும். இதற்கு எங்களுக்கு ஆனது மூன்று சாயங்காலம். நீ மிச்சம் பிடித்த நேரம் அவ்வளவுதான். சிலர் கதவை முகத்தில் சாத்தினார்கள். "மறுபடியும் கையெழுத்தா?" என்று ஒருவர் என் காலடியில் துப்பினார். துப்பட்டும் என்று நின்றேன். பட்டியலை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் பேனாவைக் கொடுத்தேன். காப்பி ஒன்று இத்துடன் இருக்கிறது. இதையாவது டிராயரில் போடாதே. இந்த வீடுகளுக்கு வழி செய்யாமல் அடுத்த முறை லைனை நிறுத்த மாட்டேன் என்று லைன்மேன் உங்கள் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கும் வேலை இருக்கிறது, காலேஜில் படிக்கிற பிள்ளை இருக்கிறது.

ஏழாம் தேதி நான் சொல்லப்போவதை உனக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்டம் நடக்கவில்லை. தாள் வெறுமையாக இருந்தது. கேட்டவன் என் தம்பி, வீடு வீடாகப் போய் வாங்கியவள் நான். எனக்கு என்ன தண்டனை என்றாலும் கொடுக்கட்டும். "மேல என்னம்மா வரும்?" என்று கம்பவுண்டர் கேட்டார், நான் உன் பேரைச் சொன்னேன் என்பதையும் சொல்வேன். அதைச் சொல்லாமல் நான் இனி அந்தத் தெருவில் நடக்க முடியாது.

ரிப்போர்ட் கார்டை ஞாபகப்படுத்தினாய். அன்றைக்கு அப்பாவிடம் நீ நாலு அடி வாங்கியிருக்க வேண்டும். தடுத்தது நான். உன்மேல் இருக்கும் கோபத்தில் பாதி, அன்று உனக்காகப் பேனா பிடித்த என்மேல்தான். அன்று போட்டது அப்பா கையெழுத்து. விசாரணையில் போடப்போவது என் கையெழுத்து, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு.

மருமகள் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளை இங்கே அனுப்பு, கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. அதைச் சாக்காக வைத்து நீ கூடவே வராதே.

உனக்கு வரத் தோன்றினால், முதலில் எதிர் வீட்டுப் படியேறு. அந்த அம்மாவிடம் என்ன சொல்வாயோ, அது உன் பாடு. அவர் உன்னை உள்ளே விட்டால், அப்புறம் வந்து என் கதவைத் தட்டு.

அக்கா