வர்ஷாவின் பின்னல்

மே 12, செவ்வாய்

இன்று காலையும் அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். என் மகள் வர்ஷாவின் பின்னல் இப்போது இடுப்பைத் தாண்டிவிட்டது. மாதம் ஒரு படம். கூட ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை. வண்டலூரில் உட்கார்ந்து நன்றாகப் பார்க்கட்டும். எதிர்வீட்டுப் பையனோடு பேசினேன் என்று, பன்னிரண்டு வயதில் என் பின்னலைக் கத்தரிக்கோலால் வெட்டி, மறுநாள் அப்படியே பள்ளிக்கு அனுப்பினவள் அவள்.

சாயங்காலம் நீச்சல் வகுப்பிலிருந்து வர்ஷா அழுதுகொண்டே வந்தாள். "தலை காயவே மாட்டேங்குதும்மா. பாப் கட் பண்ணிக்கறேன், ப்ளீஸ்."

"முடியில கை வெச்சே, கொன்னுடுவேன்" என்றேன்.

தலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, ஈரத்தோடு பின்னினேன். அவள் திமிறவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "இது என் முடியா, உன் முடியாம்மா?"

அன்று அம்மாவிடம் கேட்கப் பயந்து நான் விழுங்கியதும் இதைத்தான். என் கை நின்றுவிட்டது.

நாளைக்கே பார்லருக்குக் கூட்டிப்போய் வெட்டிவிடுகிறேன். அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. பின்னலோடு எடுத்த படங்கள் போனில் நிறைய இருக்கின்றன. மாதம் ஒன்றாக அனுப்பினால் அவள் காலம் வரைக்கும் வரும்.