மேல் பாதை மூடப்பட்டுள்ளது

பள்ளத்தாக்கு முகாம்
ஏப்ரல் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லோரும் நலமா என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் தொடர் விடுமுறை முடிந்த மறுநாள் காலையில் ஆற்றோரம் ஒரு நடை போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் நாற்றம் போகவில்லை.

மனுஷன் இவ்வளவு அசிங்கம் பிடித்தவனா? ஒரு மகராசி, குழந்தையின் அழுக்கு டயப்பரைக் கொண்டுபோய்க் கைகாட்டிப் பலகையில் மாட்டியிருக்கிறாள். 'அருவிக்கு வழி' என்ற அம்புக்குறியில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. பாறைகளுக்குப் பின்னால் கால் வைக்க இடமில்லை. கழிப்பறை கட்டி வைத்திருக்கிறோமே என்று ஒரு பெரிய மனிதரைக் கேட்டேன். "அங்க ஒரே நாத்தம் சார்" என்கிறார். அந்த நாற்றம் என்ன, வானத்திலிருந்தா இறங்கியது? காறித் துப்பலாம் என்றால் துப்புவதற்கும் சுத்தமான இடமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மேல் பாதையில், தொங்குபாலத்தைத் தாண்டியிருக்கிற மடுவில், நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது. இந்தக் கும்பல் அங்கே போனால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'பாலம் பழுது' என்று பலகை மாட்டிக் கேட்டைப் பூட்டிவிட்டேன். பாலத்துக்கு ஒரு குறையும் இல்லை, யானையே நடக்கலாம். உண்மைக் காரணத்தை எழுதினால் உன் இயக்குநர் நீர்நாயைக் காட்டி டிக்கெட் விற்பார்.

பார்வையாளர் திட்டம் உன் பொறுப்பில்தானே இருக்கிறது? மேல் பாதை மூடல் என்று போட்டு, முன்பதிவு எல்லாவற்றையும் கீழ்ப் பாதைக்குத் திருப்பிவிடு. இன்ஜினியர் வந்து பாலத்தைப் பார்த்ததாக ஒரு வரி எழுதிக்கொள். இது நமக்குள் இருக்கட்டும்.

இங்கே போன் டவர் இல்லாதது ஒன்றுதான் நிம்மதி. பதிலை சப்ளை ஜீப்பில் கொடுத்தனுப்பு. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அண்ணன்


தலைமை அலுவலகம்
ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். வராத இன்ஜினியரை வந்ததாக எழுதும்போது இரண்டு தடவை அடித்துத் திருத்தினேன். நீர்நாய்க் குட்டிகளுக்காகத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் குட்டிகள் எனக்குக் கடன்பட்டிருக்கின்றன என்று சொல்லி வையுங்கள்.

உங்களுக்கு ஆற்றோரத்தில் நாற்றம் என்றால் எனக்குக் குளிர்சாதன அறையில் நாற்றம். நேற்று அரை நாள் கூட்டம். ஆற்றுத் திருப்பத்தில் பெரிய இதயம் ஒன்றைச் செய்து நிறுத்தினால் ஜோடி ஜோடியாக வந்து போட்டோ எடுப்பார்களாம். எந்த நிறத்தில் வைப்பது என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு நான் வைத்த தாளை எடுத்து ஒருவர் டீக் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு கவலை அண்ணா. இரண்டு பாதைக் கூட்டமும் இனி கீழ்ப் பாதையில்தான் இறங்கும். அந்தப் பாறை விளிம்பில் எதிரும் புதிருமாக ஆட்கள் வந்தால் ஒதுங்கக்கூட இடம் கிடையாது. அங்கே விசில்காரர் ஒருவர்தான் காவலுக்கு இருக்கிறார். குட்டிகள் வெளியே வந்ததும் சொல்லுங்கள், உடனே மேல் பாதையைத் திறந்துவிடலாம். அதற்குள் ஒருமுறை வந்து குட்டிகளைப் பார்க்கட்டுமா?

அம்மா நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று என்னைக் கேட்கிறாள், நான் உங்கள் பக்கத்து அறையில் இருப்பது போல.

உங்கள் பாப்பா


பள்ளத்தாக்கு முகாம்
மே 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

குட்டிகள் நலம். நீ வர வேண்டாம். மனுஷ வாடை பட்டால் தாய் இடம் மாற்றிவிடும்.

கீழ்ப் பாதையைப் பற்றி என்ன எழுத? பாதையா அது, சாக்கடை. சாப்பிட்டுப் போட்டதும் சாப்பிட்டுக் கழித்ததும் ஒன்றாகக் கிடக்கின்றன. பாறை விளிம்பில் மிச்சச் சோற்றைக் கொட்டிக் கொட்டி வழவழ என்று ஆகிவிட்டது. நேற்று ஒருவன் ஆற்றில் காரின் மிதியடியைத் துவைக்கிறான். கேட்டால், "தண்ணி ஓடிட்டுதானே சார் இருக்கு" என்கிறான். அவனோடு வந்தவர்கள் கை தட்டிச் சிரிக்கிறார்கள். விசில்காரர் ஊதி ஊதி வாய் வீங்கிப்போய் நிற்கிறார். ஊதினால் அதற்கும் ஆடுகிறார்கள்.

இன்னொரு ஆள் கொடு என்று உன் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுப் பார்த்துவிட்டேன். கிணற்றில் போட்ட கல்தான்.

மேல் பாதை இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

அண்ணன்


தலைமை அலுவலகம்
மே 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அந்தப் பெண் ஒரு நர்ஸ். ஒரு நாள் லீவு கிடைத்தது என்று ஆற்றைப் பார்க்க வந்திருக்கிறாள். விளிம்பில் எதிரே வந்த கூட்டத்துக்கு ஒதுங்கினாளாம். எச்சில் சோற்றில் வழுக்கிப் பாறைமேல் விழுந்துவிட்டாள். முதுகெலும்பில் அடி. நடப்பாளா என்று கேட்டால் டாக்டர் ஜன்னலைப் பார்க்கிறார். பாதையில் கிடந்த அசிங்கம் அவள் துணியெல்லாம் ஒட்டியிருந்ததாம். "கழுவிட்டுத்தான் என்னை உள்ள கொண்டு போனாங்களா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

இங்கே ஒருவருக்கும் வெட்கமில்லை. விசில்காரரைக் கைகாட்டிவிட்டுக் கையைக் கழுவப் பார்க்கிறார்கள். வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று, விசாரணையும் வருகிறது. இரண்டு பாதைக் கூட்டத்தை ஒரே ஆள் எப்படிச் சமாளிப்பார் என்று ரேஞ்சரான நீங்கள் எழுதினால் அவர் தப்பிப்பார். எழுதுங்கள் அண்ணா. மேல் பாதையையும் திறந்துவிடலாம். குட்டிகள் இந்நேரம் நீந்தப் பழகியிருக்குமே.

உங்கள் பாப்பா


பள்ளத்தாக்கு முகாம்
ஜூன் 5

பாப்பாவுக்கு,

நர்ஸ் விஷயம் வருத்தம்தான். ஆனால் விசில்காரருக்காக நான் எழுதுவதற்கில்லை. அந்த நேரத்தில் அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். நீ இதில் தலையிடாதே. மேல் பாதையை இப்போது திறக்காதே. காரணம் நேரில் சொல்கிறேன்.

அண்ணன்


தலைமை அலுவலகம்
ஜூன் 18

அண்ணா,

டவரே இல்லாத இடத்தில் விசில்காரர் எந்தப் போனைப் பார்த்தார்? இதைக் கேட்டு அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். உங்கள்மேல் சந்தேகப்படுகிறோமே என்று என்னையே திட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இன்று காலைக் கூட்டத்தில் இயக்குநர் புது விளம்பரத்துக்கான படங்களைத் திரையில் போட்டார். துறைச் செயலாளர் வீட்டுக் கல்யாணப் படங்கள். முதல் படத்தில் நம் தொங்குபாலத்தின் நடுவில் கல்யாணப் பெண். அடுத்ததில் மடுவின் கரை. வெள்ளைத் துணி விரித்த நீள மேஜை, பக்கத்தில் விறகு போட்டு மூட்டிய நெருப்பு, சாய்ந்து கிடக்கும் பாட்டில்கள். "பாலம் பழுதுன்னு போட்டிருக்கே சார்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். இயக்குநர் சிரிக்கிறார். "பழுதெல்லாம் பப்ளிக்குக்குத்தாம்பா. நம்ம ஆளுங்களுக்கு ரேஞ்சர் ஸ்பெஷலா ஏற்பாடு பண்ணிக் குடுப்பாரு."

அதற்கடுத்த படத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். யூனிஃபார்மில். யாரோ ஒரு அம்மாவின் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு, பல்லை இளித்துக்கொண்டு.

எழுந்து வெளியே போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன். ஊர்க்காரன் அழுக்கைக் கண்டால் அண்ணனுக்குத் தாங்காது என்று எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்! கீழே அந்தக் கும்பலை நெருக்கித் தள்ளியது யார்? நீங்களும் நானும். நான் ஒரு பொய் எழுதினேன், குட்டிகளுக்காக என்று நம்பி. நீங்கள் எதற்காக என்று எழுதுங்கள். குட்டிகள் இருந்தனவா, அதுவும் கதையா?


பள்ளத்தாக்கு முகாம்
ஜூன் 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

குட்டிகள் இருந்தன. அம்மா மேல் ஆணை. நான் பலகை மாட்டிய அடுத்த வாரம் செயலாளர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. கூட்டமில்லாத இடம் வேண்டுமாம். என்னை இங்கிருந்து மாற்றும் உத்தரவு கையெழுத்துக்காக அவர் மேஜையில் இருந்தது. ஒரே ஒரு தடவை என்று திறந்துவிட்டேன். அவர் தம்பி வந்தான், தம்பியின் கூட்டாளிகள் வந்தார்கள். பிறகு ஒவ்வொரு வாரமும். முதல் கூட்டம் போன மறுநாளே நீர்நாயைக் காணவில்லை. மடுவில் சோப்பு நுரைதான் மிதந்தது.

அவர்கள் போட்டுவிட்டுப் போனதை நானே கையால் பொறுக்குகிறேன். ஆட்களை விட்டால் தெரிந்துபோகும். என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது, போதுமா? ஆனால் இந்தப் பள்ளத்தாக்கை விட்டு என்னைக் கொண்டுபோய் ஏதோ ஒரு ஃபைல் அறையில் உட்கார வைத்தால் நான் செத்துப்போவேன். அது உனக்குத் தெரியும்.

விசாரணையில் வாயைத் திறக்காதே. இன்ஜினியர் வந்ததாக எழுதியது நீ. சொன்னால் முதலில் போவது உன் வேலை. விசில்காரர் ஒப்பந்தக்காரன்தானே, இது இல்லாவிட்டால் இன்னொரு இடம். நானே எங்கேயாவது சொல்லிச் சேர்த்துவிடுகிறேன்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்


வீடு
ஜூலை 2

அண்ணா,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது அழுதேன். நீங்கள் குனிந்து பாட்டில் பொறுக்குவது கண்முன் வந்தது. இரண்டாம் தடவை, 'ஒப்பந்தக்காரன்தானே' என்ற இடம் வந்ததும் மடித்து வைத்துவிட்டேன். டயப்பரைத் தொங்கவிட்ட அந்தப் பெண்ணைக்கூட என்னால் மன்னிக்க முடியும் போலிருக்கிறது.

விசில்காரர் வீட்டுக்குப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தார். "நீங்க கவலைப்படாதீங்கம்மா. ரேஞ்சர் சார் நல்லவரு. எனக்காகப் பேசுவாரு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பாலம் நன்றாக இருந்ததை, இன்ஜினியர் வராததை, வந்ததாக எழுதியது நான்தான் என்பதை, மேலே யார் யார் வந்து போனார்கள் என்பதை. என் வேலை போகலாம். உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். "போனா போகட்டும், பாத்துக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு படுக்கும்வரை வீட்டுச் செலவுக் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

உங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வழக்கமாக நம் வீட்டில்தான் தங்குவீர்கள். இந்தத் தடவை வேண்டாம். பஸ் நிலையத்துக்கு எதிரே விடுதிகள் இருக்கின்றன. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால், நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்துவிட்டுப் போங்கள்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பையை எங்கேடா வைத்தாய், ஏன் இங்கே தங்கவில்லை என்று கேட்பாள். அதற்குப் பதிலை நீங்களே சொல்லுங்கள்.

தங்கை