ரத்தப் பயம்

வெள்ளவத்தை

என் அன்புக்குரியவருக்கு,

மகள் உயர்தர வகுப்பில் உயிரியலை விட்டுக் கலைப்பிரிவுக்கு மாறிவிட்டாள்.

இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கு விட்டுப்போன உயிரியல் பாடங்களை மாலையில் இலவசமாகப் படிப்பிக்கிறார்கள். முடிந்து வர இருட்டிவிடும். வழியில் சோதனைச்சாவடி; அவளுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அதைக் கண்டால் மறித்து வைத்துவிடுவார்கள் என்று நான் போகவிடவில்லை. ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று ஆசிரியை கூப்பிட்டுக் கேட்டபோது, "பிள்ளைக்கு விருப்பமில்லை டீச்சர்" என்று நான்தான் சொன்னேன். மகளும் பக்கத்தில்தான் நின்றாள்.

இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம், "ரத்தத்தைக் கண்டா எனக்குத் தலை சுத்தும் அன்ரி, அதுதான் விட்டனான்" என்று சிரிக்கிறாள்.

நேற்றுத் தேங்காய் திருவும்போது என் கை ஆழமாக வெட்டுப்பட்டது. ஓடிவந்து ரத்தத்தைத் துடைத்து, நிதானமாகக் கட்டுப் போட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பாவுக்கும் எனக்கு ரத்தப் பயம் எண்டே எழுதுங்கோ அம்மா" என்றாள்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்