மூன்று கிண்ணம் கொழுக்கட்டை

வூஹான்,
ஆகஸ்ட் 9.

அன்புள்ள யுன்ஷியாவுக்கு,

வென்ஜிங் எழுதுவது. உன் மாமா, அத்தை, அவர்கள் வளர்க்கும் வாத்துகள் எல்லாம் நலமா என்று முறைப்படி கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு நடந்தது எனக்கும் நடக்கப் போகிறது. என்னை ஊரில் விட்டுவிட்டு வரப்போகிறார்கள்.

போன வருஷம் உன்னைப் பத்து நாள் சுற்றிப் பார்க்கலாம் என்று சொல்லித்தானே ஹூனானுக்குக் கூட்டிப்போனார்கள்? பதினோராவது நாள் உன் அம்மா மட்டும் நாம் குடியிருந்த தொங்குவானுக்குத் திரும்பி வந்து, செருப்புத் தொழிற்சாலையில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் நடக்காதது போல அடிப்பாகம் ஒட்டிக்கொண்டிருந்தார். வகுப்பில் என் பக்கத்து இடம் வருஷக் கடைசி வரை காலியாகவே கிடந்தது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நீ எழுதிய மூன்று அறிகுறிகளும் எனக்கு மனப்பாடம். கேட்காமலே வாங்கித் தருவார்கள். தப்பு செய்தாலும் திட்ட மாட்டார்கள். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார்கள். மூன்றும் ஆரம்பித்துவிட்டன.

நாங்கள் அப்பாவின் ஊரான தியன்ஷுய்க்குப் போகிறோம். இதுவரை புத்தாண்டுக்கு மட்டும்தான் போயிருக்கிறோம், அதுவும் ரயில் கழிப்பறை வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு. இந்தத் தடவை நாலு பேருக்கும் இருக்கை. வழியில் வூஹானில் இறங்கி, அப்பாவுடன் முன்பு வேலை செய்த ஒருவர் வீட்டில் தங்கி, யாங்சி ஆற்றைப் படகில் கடந்தோம். அப்பா தானாகவே காரமான வாத்துக் கழுத்து ஒரு பை வாங்கி என் மடியில் வைத்தார். யுன்ஷியா, என் அப்பா ரயிலில் விற்கும் தேநீரில் வேகவைத்த முட்டை கேட்டால் ஜன்னலுக்கு வெளியே மலையைக் காட்டுகிற மனிதர்.

ரயிலில் கப் நூடுல்ஸ் குழம்பை அம்மாவின் புதுச் சட்டையில் கொட்டிவிட்டேன். வேண்டுமென்றே கொட்டவில்லை, ஆனால் கொட்டியதும் நல்ல சோதனை என்று தோன்றியது. அம்மா துண்டால் துடைத்துக்கொண்டு, சுட்டுடுச்சாம்மா என்று என்னைக் கேட்டார். இரண்டாவது அறிகுறி என்று விரலை மடக்கினேன்.

தியன்ஷுயில் அப்பாவின் அக்கா, என் அத்தை, தனியாக இருக்கிறார். அவர் மகள் கல்யாணமாகி ஷின்ஜியாங்குக்குப் போனதில் இருந்து ஒரு அறை காலி. கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா தொலைபேசியில் அத்தையிடம், "அந்த ரூமைக் கொஞ்சம் திறந்து காய வைங்க அண்ணி" என்றார். சில நாள் தங்க யாராவது அறையைக் காயவைப்பார்களா?

விடுவது என்னைத்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். வேறு யாரை விடுவார்கள்? தம்பி துன்துன் ஆண்பிள்ளை. அவன் பிறந்தபோது அப்பா தெரு முழுக்கச் சிவப்பு முட்டை கொடுத்தார். நான் பிறந்தபோது கொடுத்தீர்களா என்று ஒருமுறை கேட்டேன். அப்போ கோழிங்க சரியா முட்டை போடல என்றார்.

கைபேசியில் செய்தி அனுப்பினால் அப்பா பார்த்துவிடுவார். அதனால்தான் கடிதம். தபால்தலை ஒட்டும்போதுகூட உறைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன்.

உன் தோழி,
வென்ஜிங்


ஷீஆன்,
ஆகஸ்ட் 12.

அன்புள்ள யுன்ஷியா,

நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது.

இங்கே கோட்டை மதிலுக்குக் கூட்டிப்போனார்கள். மதில்மேல் சைக்கிள்கூட ஓட்டலாம். எனக்கு ஒரு சைக்கிள் எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்பா துன்துன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார். அவனுக்கு ஆறு வயது. கால் இருக்கிறது. அப்படியும் கீழே இறக்கவில்லை. அம்மா பக்கத்தில் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் எவ்வளவு தூரம் தனியாகப் போனேன் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் தண்ணீர் குடிக்க அவனை இறக்கியபோது, கோபத்தில் ஒரு மூலையில் அவன் தொடையைக் கிள்ளினேன். அவன் யாரிடமும் சொல்லவில்லை. "அக்கா, சைக்கிள் மணியை நான் அடிக்கட்டா?" என்று மட்டும் கேட்டான்.

பிறகு புகைப்படக் கடைக்குப் போனோம். நாலு பேரும் சேர்ந்து ஒரு படம். அதைப் பெரிதாக்கி, உடையாத சட்டம் போட்டுத் தரச் சொன்னார் அம்மா. தொங்குவானில் எங்கள் அறையில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விட மாட்டார். பின்னே இந்தப் படம் எந்தச் சுவருக்கு?

ஆகஸ்ட் மாதத்தில், வேர்த்து ஒழுகும்போது, அம்மா பஞ்சு வைத்த கால்சட்டை வாங்கினார். எனக்கு அளவு பார்க்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று சுருட்டிப் பைக்குள் திணித்தார். தொங்குவானில் குளிர்காலத்தில்கூட யாரும் அதைப் போட மாட்டார்கள்.

இன்று காலை அவர்கள் மூன்று பேரும் விடுதிக்குக் கீழே கஞ்சி குடிக்கப் போனபோது, வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு அப்பாவின் பையைத் திறந்து பார்த்தேன். குடும்பப் பதிவுப் புத்தகம் இருந்தது. அதற்கடியில் தடுப்பூசிப் புத்தகம் ஒன்று, பிளாஸ்டிக் உறைக்குள். பள்ளியில் சேர்க்கத்தானே அதைக் கேட்பார்கள்? பெயரைப் பார்ப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மூடிவிட்டேன். பார்க்காமலே எனக்குத் தெரியும்.

ஆனால் நான் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். நான் கூட இருந்தால் அவர்களுக்கு எவ்வளவு வசதி என்று காட்டப் போகிறேன். நேற்று எல்லோருடைய சாக்ஸையும் துவைத்துப் போட்டேன். துன்துன்னுக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தேன். அம்மாவின் கால் வலிக்கு வெந்நீர் கொண்டுவந்தேன். அம்மா வாளிக்குள் காலை வைத்தார். "நீ இருக்கறதால எனக்கு ஒரு கை கூட இருக்கற மாதிரி" என்றார். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாளியைத்தான் பார்த்தார்.

வேலை செய்யுமா, பார்க்கலாம். எனக்காக வேண்டிக்கொள்.

வென்ஜிங்


ரயிலில்,
ஆகஸ்ட் 19.

அன்புள்ள யுன்ஷியாவுக்கு,

நான் தொங்குவானுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போது உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அத்தை வீட்டில் ஆறு நாள் இருந்தோம். அத்தை பெரிய குரல்காரர், சட்டதிட்டக்காரர். வந்த அன்று எங்கள் எல்லோருக்கும் கையால் இழுத்த நூடுல்ஸ் போட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊருக்கு வந்தவர்களுக்கு நூடுல்ஸ், ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு இறைச்சிக் கொழுக்கட்டை. அத்தை இதில் ஒரு நூல்கூடத் தவறமாட்டார். காய வைத்த அறையில் ஒரு கட்டில் போட்டிருந்தது. எங்கள் நாலு பேர் படம் சுவரில் ஏறிவிட்டது. நான் ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே அத்தைக்கு விறகு எடுத்துக் கொடுத்துக்கொண்டு திரிந்தேன்.

நேற்றுக் காலை அத்தை கொழுக்கட்டை பிடித்தார். யார் கிளம்புகிறார்கள் என்று கிண்ணம் வைக்கும்போது தெரிந்துவிடும் அல்லவா? நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். அத்தை கொழுக்கட்டையை மூன்று கிண்ணத்தில்தான் போட்டார். மூன்றுதான் என்று பார்த்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. அப்பா முன்னால் ஒன்று வைத்தார். அம்மா முன்னால் ஒன்று. மூன்றாவதை என் முன்னால் வைத்தார்.

துன்துன்னுக்கு ஆவியில் வேக வைத்த முட்டை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்படி ஒரு சந்தோஷம். சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். துன்துன் தன் முட்டையைப் பார்த்துவிட்டு, எனக்கும் கொழுக்கட்டை வேண்டும் என்றான். அத்தை குனிந்து, "அது போறவங்க சாப்பிடறது ராஜா. இருக்கறவன் தின்னா கால் தரிக்காது" என்றார். அம்மா எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். அப்பா கொழுக்கட்டையைக் கடிக்காமல் விழுங்கினார். துன்துன் என் பக்கம் நகர்ந்து வந்து, ஒண்ணே ஒண்ணு குடுக்கா என்று மெதுவாகக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவன் போக நான் இருக்க நேர்ந்துவிடுமோ என்று பயம். கிண்ணத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தின்றேன்.

பிறகு அம்மா என்னைத் துணி காயவைக்கும் கயிற்றுப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் குடும்பப் பதிவு தியன்ஷுயில் இருப்பதால், தொங்குவானில் அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நாங்கள் கொடுத்த தாள்கள் போதவில்லையாம். அம்மாவும் அப்பாவும் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவனை யார் பார்ப்பது? "நீ பெரியவ. சோறு வைக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும். உன்னால எங்களுக்குத் தொந்தரவு இல்ல" என்றார். நானும் ஒன்பதாவது முடித்தால் பதிவு உள்ள தியன்ஷுய்க்கு வந்துதான் மேல்படிப்புக்குப் பரீட்சை எழுத வேண்டுமாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ரயில் ஏறும்போதே முடிவு செய்திருந்தார்களா, அல்லது ஷீஆனில் நான் சாக்ஸ் துவைத்தபோது முடிவு செய்தார்களா? கேட்க வாய் வரவில்லை. அந்தத் தடுப்பூசிப் புத்தகம் அவனுடையது, அதனால் முடிவு என் சாக்ஸுக்கு முன்பே எடுத்தது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் பெயரை நான் பார்க்கவில்லையே.

இரண்டு மணிக்குப் பேருந்து. துன்துன்னைச் சாப்பிட வைத்துத் தூங்க வைப்பது என் வேலை என்றார் அம்மா. அவன் எழுந்திருப்பதற்குள் போய்விட வேண்டும். அழ விட்டுவிட்டுப் போனால் தன்னால் போக முடியாது என்றார்.

அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தபோது வாசலில் உன் அம்மாவின் செருப்பு இல்லை, அன்றிலிருந்து பகலில் கண்ணை மூடவே பயம் என்று எழுதியிருந்தாயே. விட்டுவிட்டுப் போனதைவிடச் சொல்லாமல் போனதைத்தான் நீ இரண்டு பக்கம் எழுதியிருந்தாய்.

அதனால் அவனை வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஆப்பிள் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். நாங்கள் இன்றைக்குப் போகிறோம், நீ அத்தையுடன் இருக்கிறாய், இங்கே பள்ளிக்கூடம் போகப் போகிறாய், புத்தாண்டுக்கு வருவோம். அவன் பச்சை ஆப்பிள் ஒன்றைக் காலால் உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். நான் பயந்தது போல உடனே அழவில்லை.

"அதான் எனக்குக் கொழுக்கட்டை குடுக்கலையா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

"நான் அழுதா கூட்டிட்டுப் போவாங்களா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. "மாட்டாங்கடா. அம்மாவும் அழுவாங்க, அவ்வளவுதான்" என்றேன்.

அவன் மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "அப்ப நான் தூங்கறேன்" என்றான்.

வீட்டுக்கு வந்து தானாகவே அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அம்மா வந்து போர்வையை இழுத்துவிட்டு, நெற்றியில் முகத்தை வைத்து, வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு அப்பாவிடம் வந்து, "நல்லா அசந்து தூங்கறான்" என்றார். அப்பா மூச்சு விட்டார். நான் அறை வாசலில் நின்றேன். போர்வைக்கு வெளியே அவன் கால் தெரிந்தது. விரல்கள் ஐந்தும் மடங்கி இருந்தன. இமை துடித்துக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அம்மா இப்போது என் எதிரில் உட்கார்ந்து, பிள்ளை அழாமல் இருந்ததே பெரிய புண்ணியம் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவன் விழித்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும். அம்மாவுக்கு ஒருநாளும் தெரியக் கூடாது. பதில் எழுதும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே.

உறையின் பின்பக்கம் ஒரு முகவரி எழுதியிருக்கிறேன். என்னுடையது இல்லை, துன்துன்னுடையது. நீ எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அவனுக்கு எழுது. அவனுக்குப் படிக்கத் தெரியாது, உன் மாமா வீட்டு வாத்துகளை வரைந்து அனுப்பு. அத்தை அவற்றைப் பற்றி ஏதாவது கதை சொல்லுவார். அவன் எதையாவது கேட்டு எழுதச் சொன்னால் உள்ளதை உள்ளபடி சொல். எப்போது வருவார்கள் என்று கேட்டாலும்.

ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம். ஆறு மாதம் போனால் பழகிவிடும் என்று எனக்கு எழுதியிருந்தாய் அல்லவா? அதை அவனுக்குச் சொல்லிவிடாதே, யுன்ஷியா. அவனுக்குப் பழகிவிடக் கூடாது.

நீ நன்றாக இரு. அவனும் நன்றாக இருக்கட்டும்.

உன்,
வென்ஜிங்