நாம் இருவரும் விழித்திருந்த நான்கு நாள்

தலைவலித் தைலம் தேடி அலமாரியைக் குடைந்தபோது அந்த சன் கிரீம் ட்யூப் கையில் வந்தது. மூடியைத் திறந்து முகர்ந்திருக்கக் கூடாது. தேங்காயும் சோப்பும் கலந்த அந்த வாசனை வந்ததும் கோவளத்து பிளாட் வாசலில் ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்டுகிறாய் நீ. "ஏட்டி, மாசக்கணக்கா வெயிலே பாக்காதவளுவோ நாம. நமக்கு எதுக்குட்டி இந்தக் களிம்பு?" என்கிறாய்.

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. ட்யூபில் இன்னும் பாதி இருக்கிறது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பூசிக்கொள்ளவும் முடியவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன். கடைசியில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் உட்கார்ந்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய். இந்த நான்கு வரிக்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன்.

படப்பை அறையில் நாம் இருந்த இருப்பை வெளியில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. இரண்டு வருடம் ஒரே அறை, ஒரே பாய், ஒரே கம்பெனி. ஆனால் உன் குழு வேறு, என் குழு வேறு. உனக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் எனக்கு இரவு. வாரம் மாறினால் தலைகீழ். கம்பெனி பஸ்ஸிலிருந்து நான் இறங்கும்போது நீ ஏறுவாய். "சாப்ட்டியா?" என்பாய் நீ. "பாய் இன்னும் சூடாத்தான் இருக்கும், போய்ப் படு" என்று சொல்லிவிட்டுப் போவாய். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தாலும் ஒருத்திக்கு ஓவர்டைம் இருக்கும், இன்னொருத்தி அடித்துப் போட்டதுபோல் தூங்குவாள். கணக்குப் பார்த்தால் உன்னுடைய தூங்காத முகத்தை நான் பார்த்தது குறைவுதான்.

அதனால்தான் சீட்டு. லைனில் ஒரு ஷிஃப்ட் முடிந்து கிளம்புகிறவர்கள், எந்த மெஷின் மக்கர் செய்கிறது, என்ன வேலை பாக்கி என்று அடுத்த ஷிஃப்டுக்கு நோட்டில் எழுதி வைப்போம் இல்லையா, அந்தப் பழக்கம் நம் அறைக்கும் வந்துவிட்டது. சோற்றுப் பானை மூடியின் மேல் ஒரு துண்டுக் காகிதம் எப்போதும் இருக்கும். "தண்ணி வரல. மாவு புளிச்சிட்டு, தோசையா ஊத்திக்கோ." "வூட்டுக்காரம்மா கத்துது, நீயே பேசு." முதலில் இவ்வளவுதான். பிறகு எல்லாமே அதில்தான் போயிற்று. செய்யாற்றில் என் அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரலை எடுத்தபோது அதை வாய்விட்டு யாரிடமும் சொல்ல முடியாமல் உனக்கு எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு பக்கம் முழுக்க நீ எழுதியிருந்தாய். பஸ்ஸில் பார்த்துக்கொண்டபோது அதைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை. அதுதான் நம் வழக்கம்.

அந்த மே மாதம் பராமரிப்புக்காகக் கம்பெனியை நான்கு நாள் மூடினார்கள். எல்லா ஷிஃப்டுக்கும் ஒன்றாக விடுமுறை. நான்தான் குதித்தேன். லைனில் ஒரு அக்காவின் சொந்தக்காரர் கோவளத்தில் பிளாட்டை நாள் வாடகைக்கு விடுகிறார் என்று தெரிந்ததும் உன்னைக் கேட்காமலே வேண்டுமென்று சொல்லிவிட்டேன். மூன்றாவது மாடி. பால்கனியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே தென்னை மரங்களுக்கு மேல் ஒரு கோடு கடல். நீ போனதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "போதும்ட்டி. இங்கயே இருந்துருவோம்" என்றாய்.

நான் விடுவேனா? கிளம்புவதற்கு முன்பே நான்கு நாளுக்கும் மணிவாரியாக எழுதி வைத்திருந்தேன். முட்டுக்காட்டுப் படகு, மாமல்லபுரம், முதலைப் பண்ணை, பாண்டிச்சேரி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணிக்குப் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று. லைனில் தொங்கும் போர்டில் மணிக்கு மணி இலக்கும் எடுத்த எண்ணிக்கையும் போடுவார்களே, கிட்டத்தட்ட அதேதான். நீ அதைப் படித்துவிட்டு, "டார்கெட்டு முடியலன்னா யாருட்டி நம்மளத் திட்டுவா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குப் பரபரப்பு அடங்கவில்லை. வேலை இல்லாத பகல் என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. இன்னொன்றையும் இப்போது சொல்லிவிடுகிறேன். பேசக்கூடிய தூரத்தில் நாள் முழுக்க நீ விழித்திருந்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல்தான் பஸ் பஸ்ஸாக ஏற்றினேன்.

முதலைப் பண்ணையில் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாய். "எம்புட்டு நிம்மதியாக் கெடக்கு பாரு. ஒரு சூப்பர்வைசரும் கெடையாது" என்றாய். பக்கத்தில் நின்ற குடும்பமே சிரித்தது. நான் போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். "நேரமாச்சு, வா" என்று உன் கையைப் பிடித்து இழுத்தபோது தோளைச் சுருக்கிக்கொண்டு முகம் சுளித்தாய். வெயிலுக்குச் சுளிக்கிறாய் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை பாண்டிச்சேரி போக வேண்டும். நான் குளித்துவிட்டு வந்தபோது நீ சமையல் மேடையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் கையால் மறைத்தாய். எனக்குச் சுருக்கென்றது.

"இன்னா அது? நான்தான் எதிர்ல கீறேன் இல்ல, எதுக்கு எழுதிகினு கீறே? வாயால சொல்லு" என்றேன்.

"ஒண்ணுமில்லட்டி. நீ பொறவு படிச்சுக்கோ."

"அதெல்லாம் ஆவாது. சொல்றதுன்னா இப்ப சொல்லு, பஸ் போய்டும்."

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு அந்தக் காகிதத்தை நான்காக மடித்து, எட்டாக மடித்து, ஜன்னல் வழியே போட்டுவிட்டு, "ஊருக்கு வாங்கிட்டுப் போக வேண்டிய சாமான்" என்றாய். "இன்னிக்கு ஒருநா மட்டும் வீட்டுல இருப்பமா, ஏட்டி?" என்றும் கேட்டாய். "வூட்ல குந்தறதுக்கா கடலுக்கு வந்தோம்?" என்றேன். பாண்டிச்சேரிக்குப் போனோம். சொன்ன நேரத்துக்குத் திரும்பினோம். அன்று எல்லாம் முடித்துவிட்டதில் எனக்கு ஒரே பெருமை.

ஜூன் முதல் மறுபடி நீ பகல், நான் இரவு. ஆர்டர் குவிந்த நேரம், ஞாயிறு எல்லாம் ஓவர்டைம். சீட்டில் தண்ணீர், பால், கேஸ் என்று மட்டும் எழுதினாய். செப்டம்பரில் ஒருநாள் காலை வந்து பார்த்தால் பானை மேல் பெரிய காகிதம். மார்பில் கட்டி இருக்கிறது, பெரிதாகிக்கொண்டே வருகிறது, லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட வருவாயா என்று கேட்டிருந்தாய். கடைசியில், "கோவளத்துலேயே சொல்லணும்னு நெனச்சேன். வாயால வரல. கோவிச்சுக்காத" என்று இருந்தது. பாவி, நீ என்னிடம் கோபித்துக்கொள்ளாதே என்கிறாய்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதட்டவில்லை. "நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா வேற மாதிரி பேசியிருக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார். நீ தரையைப் பார்த்தாய். நான் விரல் விட்டு எண்ணினேன். எண்ணத் தேவையே இல்லை, சரியாக மே மாதம்தான் வந்தது. அதன் பிறகு மருந்து, ஆபரேஷன், முடி கொட்டியது, மறுபடி மருந்து. அந்த நாட்களை நான் எழுத மாட்டேன். உன் அண்ணன் உன்னை ஊருக்கு, நாங்குநேரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது வண்டிவரை வந்தேன். கோவளத்தில் என்ன சொல்ல வந்தாய் என்று அங்கேயும் உன்னிடம் கேட்கவில்லை.

உன் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் போன் செய்கிறார். "மக்ளே, அந்த நாலு நாளு அவ சந்தோசமா இருந்தாளா? என்னல்லாம் பேசுனா?" என்று கேட்பார். முதலைக் கதையைச் சொல்வேன். ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார். "அவளக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனியே, நீ நல்லாருப்ப" என்பார். போனை வைத்த பிறகு எனக்கு அறைக்குள் இருப்புக் கொள்ளாது. படப்பை பஜார்வரை சும்மா நடந்து போய்விட்டு வருவேன்.

போன ஞாயிறு அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காகிதம், பஸ், நான் அதட்டியது, எல்லாம். "நான்தாம்மா சொல்ல விடல" என்று அழுதேன். அவர் திட்டுவார், திட்டினால் நிம்மதியாகிவிடும் என்று காத்திருந்தேன்.

"அப்போ மே மாசத்துலேயே அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்மா."

"ஆடியில கோயில் கொடை விழாவுக்கு வந்தாளே. ரெண்டு நாளும் அடுப்பாங்கரையில எம் முந்தானையப் புடிச்சிக்கிட்டே நின்னாளே. என்னட்டி வேணும்னு நான் ஒரு வார்த்த கேக்கலியே. பந்திக்கு ஆளு காத்துக்கெடக்குன்னு வெரட்டிவிட்டுட்டேனே."

போன் கட்டாகிவிட்டது. அல்லது அவரே வைத்துவிட்டார்.

என் மனசு லேசாக வேண்டும் என்று அவர் தலையில் இறக்கி வைத்துவிட்டேன். இதை எப்படித் திருப்பி எடுப்பது? இன்றைக்கும் ஞாயிறு. அவர் கூப்பிடவில்லை. நான் நான்கு முறை அழைத்தேன். ஐந்தாவது முறை உன் அண்ணன் எடுத்து, "அம்மா சரியாச் சாப்பிடல, ஒண்ணும் பேச மாட்டுக்கா" என்றான்.

சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிவிட்டேன். நாங்குநேரிக்குக் கிளம்புகிறேன். போய் உன் அம்மா பக்கத்தில் உட்காரப் போகிறேன். எத்தனை நாள் என்று தெரியாது. அவர் திட்டினால் கேட்டுக்கொள்வேன், ஒன்றுமே பேசாவிட்டாலும் எழுந்து போக மாட்டேன். அவராகச் சொல்லட்டும் என்று இருந்துவிடவும் மாட்டேன். உன்னிடம் கேட்காததை அவரிடம் கேட்பேன்: என்னம்மா, உள்ள இன்னா பண்ணுது, எங்கிட்ட சொல்லு.